பதிவாளரும் மூன்று நிமிட விதியும்

மனித குலம் இன்றைக்கு நிம்மதியாக மூச்சு விடுகிறது என்றால் அதற்கு முழுமுதற் காரணம் ஒரே ஒரு மனிதர்தான். அவர் விஞ்ஞானியும் இல்லை, மந்திரியும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில், சாப்பாட்டு மேஜையில் பாதியைக் கம்ப்யூட்டரை வைத்துக் கைப்பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று எழுதுவது அவர் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் அவர் 'பதிவாளர்'. இந்தப் பட்டத்தைக் கொடுத்தது நம் சங்கம். சம்பளம் கொடுக்கவில்லை. பட்டம் கொடுத்ததிலேயே சங்கத்தின் பெருந்தன்மை தீர்ந்துவிட்டது.

என்ன சங்கம் என்று கேட்பவர்களை மன்னித்து விளக்குகிறோம். ஒரு கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைச் செய்கிற கம்பெனி, இது இந்த வேகத்தில்தான் ஓடவேண்டும் என்று சொல்லி விற்கிறது. நம்மவர்கள் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. அதைத் திருகி, முடுக்கி, விரட்டி, இன்னும் வேகமாக ஓடவைப்பார்கள். சூட்டில் அது கருகிப்போகாமலிருக்க அதன் தலையில் திரவ நைட்ரஜனை ஊற்றுவார்கள். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அப்படி விரட்டப்பட்ட கம்ப்யூட்டரில் வேகச் சோதனை நடத்தி, வருகிற ஸ்கோரைச் சங்கத்தின் இணையதளத்துக்கு அனுப்பிவைத்தால் உலகத் தரவரிசையில் இடம் கிடைக்கும். இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று விவரம் தெரியாத சிலர் கேட்கிறார்கள். இன்னொரு வேகச் சோதனை செய்வோம்.

யார் யாரோடு மோதலாம் என்று முடிவு செய்ய, உலகத்தில் பிறந்த ஒவ்வொரு பிராசஸரும், ஒவ்வொரு மதர்போர்டும், ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டும் ஒரு டேட்டாபேஸில் இருந்தாக வேண்டும். அதைப் பராமரிப்பதுதான் பதிவாளரின் புனிதப் பணி. மகள் எந்த வகுப்பு என்று கேட்டால், "மூணு... இருங்க, நாலு?" என்று மனைவியின் முகத்தைப் பார்ப்பார். ஆனால் என்றைக்கோ விற்பனை நின்றுபோன ஒரு மதர்போர்டின் இரண்டாம் பதிப்பில் எந்த மூலையில் ஒரு திருகு கூடுதல் என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொல்லி முடித்த பிறகு கண்ணைத் திறக்கும்போது எதிரில் ஆள் இருக்கமாட்டார், அது வேறு விஷயம்.

இவ்வளவு தூய்மையான துறையிலும் தில்லுமுல்லு நுழைந்துவிட்டது. சிலர் வேகத்தை அளக்கிற கம்ப்யூட்டர் கடிகாரத்தையே ஏமாற்றினார்கள். சிலர் ஸ்கிரீன்ஷாட்டில் ஸ்கோரைத் திருத்தினார்கள். பொங்கி எழுந்த பதிவாளர், ஸ்கோரைத் தானே எடுத்துத் தானே அனுப்பும் ஒரு புதிய கருவியை எழுதினார். அது ஓடத் தொடங்கினால் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிடும். பிறகு திரை முழுக்க ஒரு வாசகம் வரும்: 'அதிகாரபூர்வ சோதனை நடைபெறுகிறது. இடையில் நிறுத்தினால் முடிவு செல்லாது.'

இதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டிலிருந்தது ஒன்றே ஒன்று, அதை மனைவியும் பயன்படுத்துவார். அவருக்குத் தொந்தரவு வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கருவி தானாகவே ஓடும்படி ஒரு விதி செய்தார். விதி சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. குழு போனில்தான் கூடும்.

"மூணு நிமிஷம் கீபோர்டும் மவுஸும் அசையலன்னா அங்க ஆள் இல்லன்னு அர்த்தம்" என்றார் பதிவாளர்.

திரவ நைட்ரஜன் ஊற்றி ஊற்றி ஒரு விரலில் உணர்ச்சியை இழந்த மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், நைட்ரஜன் அண்ணன். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆள் இருந்தும் அசையாம இருந்தா?"

"அசையாம இருக்கிறவரை எதுக்குண்ணே ஆள்னு சொல்லணும்?"

"அதானே!" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாமும் ஆதரித்தோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

பதிவாளரின் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மகள் பிறப்பதற்கு முன்னால் அவர் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு மேற்பார்வை பார்த்தவர். எந்த மருந்து எப்போது காலாவதியாகும், எது எவ்வளவு குளிரில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அவரும் வேலை கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கம்பெனியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பெரிய மருந்துக் கிடங்கு ஒன்று பதில் போட்டது. வீடியோவில் இன்டர்வியூ.

"இன்னிக்கு பதினோரு மணிக்கு. கம்ப்யூட்டர் எனக்கு வேணும்" என்றார் காலையிலேயே.

"தாராளமா எடுத்துக்கோ. நான் கிட்டயே வர மாட்டேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல வேணாம். உங்க டேட்டாபேஸ் மேல பண்ணுங்க."

பதிவாளர் கம்ப்யூட்டரை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அப்புறம் பண்ணினார்.

"இதுவும் போச்சுன்னா இனிமே என்னை யாருங்க கூப்பிடுவாங்க? எனக்குப் பயமா இருக்கு" என்றார் மனைவி.

"எதுக்குப் பயப்படுறே? உனக்குத் துணையாத்தான் நான் லீவே போட்டிருக்கேன்."

லீவு போட்டது உண்மை. அன்றைக்கு நிர்வாகக் குழுவின் அவசரக் கூட்டமும் இருந்தது என்பதை அவர் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், பயப்படுகிறவரிடம் எதற்கு வீண் பேச்சு என்ற அக்கறைதான். பதினோரு மணிக்கு மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பதிவாளர் போனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. அவர் தொட்டால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கிற ரகமா அந்தக் கருவி?

குழுவின் முன் இருந்த விவகாரம் சாதாரணமானதல்ல. ஒரே கிராஃபிக்ஸ் கார்டு நீல ஸ்டிக்கரோடும் வருகிறது, கறுப்பு ஸ்டிக்கரோடும் வருகிறது. டேட்டாபேஸில் அது ஒன்றா, இரண்டா?

"உள்ள எல்லாம் ஒண்ணுதானேப்பா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுதான் தலைவரே. ஆனா வாங்குறவன் வெளியதானே பாக்குறான்?" என்றார் பதிவாளர்.

"ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டா?" என்றார் நைட்ரஜன் அண்ணன்.

இப்படி ஒரு கோணம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கிழிந்த ஸ்டிக்கரை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பது என்றும், கிழித்த இடத்தில் மிஞ்சும் பசையை ஆராய அதன் கீழ் இன்னொரு துணைக்குழு அமைப்பது என்றும் பேச்சு சூடுபிடித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் இன்டர்வியூ நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. முதல் கேள்விகளுக்கு மனைவி மவுஸை உருட்டிக்கொண்டே பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். கிடங்கு மேலாளருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதன் அடையாளமாக ஒரு நீளமான கேள்வி கேட்கத் தொடங்கினார். "ஒரு லீவு நாள்னு வெச்சுக்குங்கம்மா. ஆளுங்க யாரும் இல்ல. குளிர் அறை மெஷின் நின்னுபோச்சு. உள்ள தடுப்பூசி மருந்து நிறைய இருக்கு. எங்களுக்கே ஒரு தடவை இப்படி ஆச்சு, என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர், என்ன நடந்தது, யார் மேல் தப்பு, தான் அப்போதே எச்சரித்தது, யாரும் கேட்காதது என்று சொல்லிக்கொண்டே போனார்.

மனைவி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் கேட்டார். அவருடைய பழைய கிடங்கிலும் இதேபோல் நடந்து, ஒரு மருந்துகூட வீணாகாமல் காப்பாற்றியவர் அவர். இந்த ஒரு பதில் போதும், வேலை கைக்கு வந்துவிடும் என்று அவருக்கே தெரிந்தது. மேலாளர் ஒருவழியாக முடித்தார். "இப்ப நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"சார், முதல்ல நான்..."

மேலாளர் மறைந்தார். திரை முழுக்க அதிகாரபூர்வ சோதனை நடைபெறத் தொடங்கியது.

"ஏங்க!"

அந்தக் குரலில் பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறந்தது. பதிவாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடிவந்தார். கம்ப்யூட்டரின் விசிறி ஊரையே தூக்கிக்கொண்டு போவதுபோல் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணிவெச்சிருக்கீங்க? நிறுத்துங்க அதை!"

"நான் ஒண்ணுமே பண்ணலியே. கருவிதான். நீ மூணு நிமிஷம் அசையாம இருந்திருக்கே, ஆள் இல்லன்னு நெனச்சிடுச்சு."

"அவரு கேள்வி கேட்டாரு, நான் கேட்டுட்டிருந்தேன். கேக்கறப்ப எதைங்க அசைக்கிறது, காதையா?"

மனைவி சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார். பதிவாளர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு இரு. முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு. இப்ப நிறுத்தினா செல்லாது."

"எது செல்லாது?"

"ஸ்கோர்."

"அப்ப நானு?"

பதிவாளரின் கை மனைவியின் கையைப் பிடித்திருந்தது, கண் திரையை விட்டு நகரவில்லை. பாவம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சோதனை முடிந்ததும் அதைச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தார்.

சோதனை முடிந்தது. ஸ்கோர் தானாகவே சங்கத்துக்குப் போனது. அந்த மாடல் பிராசஸரின் பிரிவில் உலகத்திலேயே முதலிடம். அந்தப் பிரிவில் இதுவரை வேறு யாரும் கலந்துகொள்ளவில்லை என்பதால் வெற்றியின் மதிப்பு குறைந்துவிடாது. போனில் நிர்வாகக் குழு ஆர்ப்பரித்தது. "கருவி வேலை செய்யுதுப்பா!" என்று தலைவர் தழுதழுத்தார்.

மனைவி யாரையும் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கிடங்கு மேலாளரைக் கூப்பிட்டார்.

"நீங்க பாதியிலேயே போயிட்டீங்களேம்மா. அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சு" என்றார் மேலாளர்.

"சார், நான் வேணும்னு போகல. என் கணவர் ஒரு கருவி எழுதியிருக்காரு. நான் மூணு நிமிஷம் கீபோர்டைத் தொடலன்னதும் இங்க ஆளே இல்லன்னு நெனச்சு எல்லாத்தையும் மூடிடுச்சு. நீங்க கேட்டதுக்குப் பதில் இருக்கு சார், இப்பவே சொல்லட்டுமா?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் வேலை பாக்கலன்னு அது தானாவே கண்டுபிடிச்சுதா?"

"ஆமா சார்."

"லைன்லயே இருங்கம்மா. எங்க டைரக்டர்கிட்ட குடுக்கறேன்."

மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். போனில் தெரியாதுதான், இருந்தாலும் நின்றார். ஒரு புதிய குரல் வந்தது. "வணக்கம். அந்தக் கருவியை எழுதினவர் பக்கத்துல இருக்காரா?"

மனைவி போனைக் கணவரிடம் நீட்டினார். "என்னைப் பத்தி சொல்லுங்க" என்றார் ரகசியமாக. "இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கண்டிப்பா" என்று தலையாட்டிவிட்டுப் பதிவாளர் போனை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையிலிருந்த போனில் நிர்வாகக் குழு மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாமும்தான்.

"எங்க ஆபீஸ்ல அத்தனை பேர் உக்காந்திருக்காங்க சார்" என்றார் டைரக்டர். "யாரு வேலை பாக்கிறா, யாரு பாக்கற மாதிரி உக்காந்திருக்கான்னே தெரியல. இதை எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

பதிவாளரின் வாழ்க்கையில் அதுவரை அவருடைய கருவியைப் பற்றி வெளியாள் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்ட ஓரிருவரும் இரண்டாவது வாக்கியத்தில் கடிகாரத்தைப் பார்த்தவர்கள். இவரோ, "அப்புறம்? அப்புறம்?" என்றார். பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை. விதியைச் சொன்னார். விதி உருவான வரலாற்றைச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதைச் சொன்னார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சொல்றேன் இரு என்று கண்ணாலேயே அமர்த்தினார்.

"பிரமாதம். இதை நிஜமான ஆள் மேல சோதிச்சிருக்கீங்களா?"

"என் மனைவி மேலதான் சார். இப்பதான், கொஞ்சம் முன்னாடி."

மனைவியின் முகம் மலர்ந்தது. பேச்சு ஒருவழியாகத் தன்னிடம் வந்துவிட்டது. இதற்கு அடுத்து எந்தக் கேள்வி வந்தாலும் பதில் ஒன்றுதான், உங்கள் கிடங்கு வேலைக்கு வந்தவர், கொஞ்சம் பாருங்கள் சார். கேள்வியும் வந்தது.

"அப்படியா? உங்க மனைவி என்ன பண்றாங்க?"

"அவங்களா?" என்றார் பதிவாளர். "அவங்க வீட்ல சும்மாதான் சார் இருக்காங்க."

கருவிக்காவது ஆள் இல்லை என்ற முடிவுக்கு வர மூன்று நிமிடம் தேவைப்பட்டது. பதிவாளருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. இந்த வேகத்துக்கு டேட்டாபேஸில் ஒரு தனிப் பிரிவு தொடங்கலாமா என்று நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்தது. விவாதமே இல்லாமல் கைவிட்டோம். போட்டி நடத்தி என்ன பயன்? அவரவர் மனைவி விஷயத்தில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் முதலிடத்தில் சமமாக இருந்தோம்.