மூன்று நாள் படகுப் பயணத்துக்கு நான் ஏன் கையெழுத்துப் போட மாட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். அடுத்தவர் நிம்மதியைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறவர்கள் பொதுவாகச் சுகமாகத்தான் இருப்பார்கள். உன் கடிதத்துக்கு மூன்று வாரம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். முதல் வாரம் தலைசுற்றல், இரண்டாம் வாரம் கோபம், மூன்றாம் வாரம் இரண்டும்.

என் மகள் மிளகுவின் எட்டாவது பிறந்தநாளுக்கு வேறு பெரியம்மாவாக இருந்தால் ஒரு பொம்மை வாங்கித் தந்திருப்பாள். நீ கடலையே தந்தாய். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளையும் குடும்பத்தையும் பாய்மரப் படகில் அழைத்துப் போகிறார்களாம். சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாத, கழுத்து நிற்காத, வாயால் ஒரு சொல் பேசாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு யாருக்குத் தோன்றும்? அவர்கள் அனுப்பிய விண்ணப்பப் பாரத்தில் 'குழந்தையைப் பற்றி' என்று நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். நாலு வரி! நான் பதினோரு பக்கம் இணைத்தேன். ஆமாம் என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள், வேண்டாம் என்றால் இறுக மூடிக்கொள்வாள் என்பதில் ஆரம்பித்து, இடது காதில் காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பது வரை. என்னைக் கட்டிக்கொண்ட உன் அருமை மாப்பிள்ளை அதைப் புரட்டிவிட்டு, "பொருளடக்கம் போடலையா?" என்று கேட்டார். போட்டேன்.

படகுத்துறைக்குப் போனால், அங்கே சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், தன்னந்தனியாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இப்படியா ஒருத்தரை விட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்குப் பதறிவிட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, "அம்மா... உங்ககூட... யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டு, கேட்ட கையோடு அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டியையும் இழுத்து மாட்டிவிட்டேன். அவர் என்னைவிடச் சத்தமாக, என்னைவிட நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நாலு குடும்பம்... வந்திருக்கு. நான்தான்... படகு... ஓட்டுறேன்." மிளகுவின் தலைக்கு மேலே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் கடித்துக் குதறுகிறவள் நான். உன் மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

கேப்டன் அம்மாளுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் அரை மணி நேரம் குடும்பத்தார் எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "துடைக்கக் கூடாது, தூக்கக் கூடாது, சரிபண்ணக் கூடாது. மூச்சு விடலாம்," என்றார், என்னை மட்டும் பார்த்து. எட்டு வருஷத்தில் என் கை மடியில் இருந்ததே இல்லை அக்கா. போர்வை சரிந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். முடி வாய்க்குள் போனது, பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே தலையை ஆட்டி ஆட்டி, மூன்று நிமிஷம் போராடி அதைத் துப்பினாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் மாப்பிள்ளை என் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்காதே. காவல்.

பிறகு, நாலு வாய் சோறு விழுங்க அரை மணி நேரம் எடுக்கிற பிள்ளையிடம் படகையே ஒப்படைத்தார்கள். தாடைக்கு நேரே ஒரு சின்னக் குச்சி. அதை இந்தப் பக்கம் தள்ளினால் படகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம். மிளகு தள்ளிய முதல் தள்ளலில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிரே இருந்த ஒரு தகப்பனார் தன் டீயைத் தன் சட்டைக்கே கொடுத்தார். கேப்டன் அலட்டிக்கொள்ளவில்லை. "நல்லா தள்ளு கண்ணு. முட்டறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. இன்னும் வேகமா போலாமா?"

"வேணாங்கிறா," என்றேன் நான்.

"அவ மேல பாக்குறாளேம்மா."

"அது சும்மா, வானத்தப் பாக்குறா."

"ஆமாம்னா மேல பாப்பான்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? முதல் பக்கத்துல?"

பதினோரு பக்கத்தையும் படித்துத் தொலைத்திருக்கிறாள், பாவி.

போனோம், வேகமாக. மிளகுவுக்காக எடுத்துப்போன நாலு வாந்திப் பையையும் நானே தீர்த்தேன். ஐந்தாவதுக்கு அந்த டீ தகப்பனாரின் தொப்பி. தலையைத் தூக்கிப் பார்த்தால் மிளகு சிரிக்கிறாள். வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. உடம்பே குலுங்கி, மூச்சு முட்டி, அடுத்த படகுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு. பெற்றவள் குடல் வெளியே வருகிறது, பெண்ணுக்கு வேடிக்கை. இப்படிப்பட்ட நல்ல பழக்கங்களையெல்லாம் கடலில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில், அடுத்த மாதம் மூன்று நாள் பயணம், குழந்தைகளும் படகுக்காரர்களும் மட்டும் என்று சம்மதப் பாரத்தை எனக்கு அனுப்பி வைத்து, 'யோசிக்காதே, போடு கையெழுத்தை' என்று வேறு எழுதியிருக்கிறாய். யோசிக்காமலே சொல்கிறேன்: மாட்டேன். இரவில் அவளை மூன்று முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எந்த முனகலுக்குத் தண்ணீர், எந்த முனகலுக்குத் தலையணை என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். நான் இல்லாமல் அவளால் ஒரு நாள் இருக்க முடியாது. இதற்குமேல் இந்தப் பேச்சை எடுக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைய ஆரோக்கியமும், தங்கை வீட்டு விஷயத்தில் கொஞ்சம் ஞாபக மறதியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: பாரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'தாயும் துறை விடுதியில் தங்குவாரா?' என்ற கட்டத்தில் நானாகவே 'ஆம்' என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் மிளகுவிடமே ஒரு வார்த்தை கேட்டேன். அதனால்தான் அந்த அடித்தல். அடித்தல் இருந்தால் செல்லாது என்பார்களானால் வேறொரு பாரம் அனுப்பு, 'இல்லை' என்று நேராகவே எழுதித் தருகிறேன். அந்த மூன்று நாளும் நீ லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடு. என்னையெல்லாம் தனியாக விட முடியாது.