பட்டாபிஷேகப் பூக்கள்

வாடாபுரி மக்கள் மழை பொய்த்தாலும் பொறுப்பார்கள், ராஜாவின் வாக்கு பொய்த்தாலும் பொறுப்பார்கள். ஆனால் அரண்மனைத் தோட்டத்து ரோஜாவில் மாலை கட்டாமல் அங்கே ஒரு கல்யாணமும் நடக்காது. அந்த நாட்டு வழக்கம் அப்படி. தோட்டமோ, ராஜா முடிசூடிய அன்று பூத்ததோடு சரி. அந்தப் பூக்கள் கருகிச் சருகாகிக் கொம்பிலேயே தொங்கின. அவற்றின் மேல் கை வைத்தால் ராஜத்துரோகம் என்று சட்டம் இருந்தது.

நிச்சயம் முடிந்து, மாலைக்காகக் காத்துக் காத்து அலுத்துப்போன வடிவழகி, நேரே தோட்ட மந்திரியிடம் போனாள்.

“ஐயா, வாடினதை வெட்டி விட்டாத்தானே செடி மறுபடி பூக்கும்? ஊருக்கே தெரியுமே!”

“எங்களுக்கும் தெரியும்மா,” என்றார் மந்திரி, நரைத்த மீசையைத் தடவியபடி. “ஆனா வாடினதை வெட்டலாம்னு ஒருதரம் ஆரம்பிச்சா, அது எங்கே போய் நிக்கும்? யோசிச்சுப் பார்த்தியா?”

அதோடு விட்டாரா மனுஷர்? செடிகளுக்கு ஊக்கம் வரட்டும் என்று முரசு கொட்டச் சொன்னார். பூக்கவில்லை. சருகுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசச் சொன்னார், சாயத்துக்கு மக்களிடம் வரி போட்டார். கடைசியில், மொட்டு விடுமுன் ஒவ்வொரு செடியும் பழைய பூக்களிடம் சம்மதம் பெற வேண்டும் என்று ஆணை வந்தது. சம்மதம் வாங்கித் தரத் தனி இலாகா வேறு! வடிவழகிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பட்டப்பகலில் கத்தரியோடு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். ஒரே ஒரு செடியைத்தான் சருகுகளை வெட்டிக் கவாத்து செய்ய முடிந்தது. அதற்குள் காவலர்கள் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள்.

சில வாரங்களில் அந்தச் செடி துளிர்த்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தும் விட்டது.

உடனே விழா எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் கைதிகளை விடுதலை செய்தார்கள். வடிவழகி மூச்சிரைக்கத் தோட்டத்துக்கு ஓடிவந்தாள்.

“நம் மன்னரின் பொறுமைக்குப் பூத்த பூ!” என்று மந்திரி முழங்கினார். “ஆகவே இந்தப் பூக்களையும் இனி எவரும் தொடலாகாது!”

“அப்போ எங்க மாலை?” என்று கத்தினாள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை கொற்றவன் பக்கத்திலேயே நின்று, கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

“நீயும் தட்டு வடிவு,” என்றான் அவன். “யாராவது பார்க்கப் போறாங்க.”

வடிவழகிக்கு அதன்பிறகு மாலை தேவைப்படவில்லை.