செத்த நத்தைகளை நீக்கச் சொன்ன நிபுணர்

அன்புள்ள ரொவீனா அக்காவுக்கு,

ஹோபார்ட்டிலிருந்து தம்பி லீத் எழுதுவது. சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் கிளைவ் அத்தானும் உங்கள் கடல்நத்தைப் பண்ணையும் நன்றாக இருக்க வேண்டும்.

பண்ணையில் என் புதுத் தீனியைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. அதைத் தின்ற நத்தைகள் கொழுகொழுவென்று வளர்ந்தது நிஜம். மூன்றில் ஒன்று செத்ததும் நிஜம். இரண்டையும் ஒளிக்காமல் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். வருஷ முடிவுக்குள் அது அச்சாகாவிட்டால் பல்கலைக்கழகம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். இதழ்க்காரர்கள் அதை ஒரு நிபுணரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியவே கூடாதாம். உலகத்திலேயே இந்த மாதிரித் தீனியை ஆராய்கிறவர்கள் நாலே பேர், அதில் ஒருத்தன் நான்! "செத்தவை வாசகரைக் குழப்புகின்றன, நீக்கவும். பேராசிரியர் ஹாடோவின் ஆறு கட்டுரைகளை மேற்கோள் காட்டவும்" என்று அந்த நிபுணரிடமிருந்து பதில் வந்தது. ஹாடோ என் துறைத்தலைவர், சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் அறையில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "என்னய்யா லீத், மூஞ்சி தொங்கிப்போயிருக்கு?" என்கிறார். "எவரோ ஒருத்தர் செத்த நத்தைய எடுக்கச் சொல்றாருங்க" என்றேன். "எவரா இருந்தாலும் வெவரமான ஆளு. சொன்னதச் செய்யி." "செத்தத எப்படிங்க மறைக்கிறது?" "அதான் செத்துப்போச்சே, எந்திரிச்சு வந்து ஒன்னக் கேக்கவா போவுது?" எல்லாரும் சிரிச்சாங்க அக்கா. பேரு தெரியாத அந்த நிபுணருக்கு, "தங்கள் மதிப்புமிக்க கருத்துகளுக்கு மிக்க நன்றி"ன்னு பதில் வேற எழுதணும், அதுதான் எங்க தொழில் மரியாதை. எழுத மாட்டேன். வேல போனா போவட்டும், உங்க பண்ணையில தொட்டி கழுவியாவது பொழச்சுக்கறேன். பொய்ய மட்டும் அச்சுல ஏத்த மாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. வீட்டிலும் தொட்டியிலும் யாருக்கும் நோய்நொடி வராதிருக்கட்டும்.

உன் தம்பி,
லீத்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். செத்தவற்றைப் போன வாரமே எடுத்துவிட்டேன், உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றியும் எழுதியாயிற்று. தீனியை நீ மட்டும் போடாதே. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்டால், தம்பி கட்டுரையில் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிடு.