நேர்முகத்துக்குக் குறுக்கே ஓர் எலும்பு

மணி ஒன்பது பத்து. பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. சட்டை போட்டாகிவிட்டது, தலை வாரியாகிவிட்டது. இஸ்திரி போட்ட பேன்ட் மட்டும் கூடத்து நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாணவர் விடுதியின் துணைக் காப்பாளர் இடுப்பில் துண்டோடு படுக்கையறை வாசலில் நின்றார். அவருக்கும் பேன்ட்டுக்கும் நடுவில் நாய் படுத்திருந்தது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு முழங்கால் எலும்பு கிடந்தது.

அவர் வலது காலை எடுத்து வெளியே வைத்தார்.

"உர்ர்ர்..." என்றது நாய்.

எடுத்த கால் எடுத்த இடத்துக்கே திரும்பி வந்தது.

"நல்ல பிள்ளை இல்ல? கொஞ்சம் நகருடா கண்ணு. மாமா அவசரமா போகணும்."

கண்ணு நகரவில்லை. மாமாவை ஒரு தடவையும் எலும்பை ஒரு தடவையும் பார்த்துவிட்டு மறுபடி "உர்ர்ர்" என்றது.

நாய் அவருடையதல்ல, தங்கையுடையது. நேற்று மாலை விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"அஞ்சே நாள் அண்ணா. இதுக்கு எல்லாமே இயற்கை முறைதான். சமைச்சது எதுவும் ஆகாது. பச்சைக் கறி, நல்லா அரைச்சது, ரெண்டு வேளை. மீதி எல்லாம் இந்தத் தாள்ல விவரமா எழுதியிருக்கேன்."

தாள் என்றால் மூன்று பக்கம். நாயின் முன்னோர் ஓநாய்கள் என்றும், பச்சைக் கறிதான் அதன் பிறவிக் குணத்தை மீட்டுத் தரும் என்றும் முதல் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்ததுமே துணைக் காப்பாளருக்குத் தூக்கம் போய்விட்டது. மற்ற இரண்டு பக்கங்களைப் புரட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். இது தங்கைக்குக்கூடத் தெரியாத ரகசியம்.

காலையில் கறிக்கடைக்குப் போனால், அங்கே அரைக்கிற மிஷின் பழுது.

"அரைச்சு எதுக்கு சார் குடுக்கணும்? அது நாயா, கைக்குழந்தையா?" என்று கறிக்கடைக்காரர் சிரித்தார். "சதையோட எலும்பா தர்றேன், போட்டுப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் உங்க பக்கமே வராது."

அந்த எலும்பைத் துடைப்பத்தால் நாய் இருக்கும் பக்கம் தள்ளிவிட்டுக் குளிக்க ஓடினார். குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், நாய் எலும்பும் கையுமாகப் படுக்கையறை வாசலில் காவல் இருக்கிறது.

இன்றைக்கு மட்டும் இது நடக்கலாமா? அந்த மாணவர் விடுதியில் ஏழு வருடமாக அவர் வெறும் துணைக் காப்பாளர். காப்பாளர் பதவிக்கு இரண்டு முறை நேர்முகம் போனார். இரண்டு முறையும் அவர் பெயருக்கு எதிரே 'துணிவு போதாது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். விடுதிப் பசங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பூனை சார்'. வரும் மாதம் நாற்பத்தைந்து முடிகிறது, அதற்குப் பிறகு விண்ணப்பமே போட முடியாது. இன்று கோட்டை விட்டால் ஆயுசுக்கும் துணைதான்.

தங்கைக்கு போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கிறாள் போலும்.

ஒரு செருப்பை எடுத்துக் கூடத்தின் மூலைக்கு வீசினார். நாய் எழுந்து போய் முகர்ந்து பார்த்துவிட்டு, இவர் இரண்டு அடி வைப்பதற்குள் திரும்பி வந்து எலும்பின் பக்கத்தில் உட்கார்ந்தது. "உர்ர்ர்..."

எலும்பு நகர்ந்தால் நாயும் நகரும் என்று அவருக்குத் தோன்றியது. பீரோவின் இடுக்கிலிருந்து குடையை எடுத்து, அதன் நுனியால் எலும்பைச் சமையலறைப் பக்கம் ஓங்கித் தள்ளினார். வழுக்குத் தரையில் எலும்பு பாய்ந்து போய்ச் சுவரில் மோதி, போன வேகத்திலேயே திரும்பி வந்து, அவர் கால் இடுக்கு வழியாகப் படுக்கையறைக்குள் நுழைந்தது. பின்னாலேயே நாயும் நுழைந்தது.

துணைக் காப்பாளர் கட்டிலின்மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

நாய் எலும்பை மூக்கால் தள்ளித் தள்ளிக் கட்டில் காலடிக்குக் கொண்டுவந்தது. அவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். எலும்பு ஜன்னல் பக்கம் வந்தது. அவர் தலைமாட்டுக்கு நகர்ந்தார். எலும்பும் நகர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் மெத்தைமேல் வைத்து நாய் எம்பியபோது, அவர் துண்டை இறுகப் பிடித்தபடி பீரோவின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மணி ஒன்பது நாற்பது.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நான்தான் மேல் வீட்டுல இருந்து பேசறேன். கொஞ்சம் கதவைத் திறந்து அந்த நாயை வெளிய கூப்பிடறீங்களா?"

"இதோ வர்றேன் தம்பி. நாயெல்லாம் எனக்கு ஜுஜுபி."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆள் வந்த மகிழ்ச்சியில் நாய் கூடத்துக்கு ஓடி ஒரு குரல் குரைத்தது, அவ்வளவுதான்.

"ஐயையோ! வெறி புடிச்ச நாய்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.

"தம்பி, கவலைப்படாதீங்க! வெளியில பூட்டிட்டேன்! இனிமே அது யாரையும் கடிக்க முடியாது!"

"டீச்சர், நானும் உள்ளதான் இருக்கேன்!"

"ஆள் கூட்டிட்டு வர்றேன் தம்பி!"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய் மறைந்தது. நாய் அறைக்குத் திரும்பி எலும்பைப் பீரோவின் காலடியில் சேர்த்தது. அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விடுதி அலுவலகத்து எழுத்தர்.

"சார், தேர்வுக் குழுத் தலைவருக்கு வேற கூட்டம் இருக்காம். உங்களை முதல்ல கூப்பிடச் சொல்றார். எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேதான்... இப்ப மேல ஏறியிருக்கேன்."

"பாலத்துமேலயா சார்?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப நெரிசல்ல மாட்டியிருப்பீங்க. ஒண்ணு பண்ணுங்க, வீடியோவுலயே பேசிடுங்க. இதோ இணைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் திரையில் தலைவரின் மீசை தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை. ஓரத்தில் தட்டச்சுக்கார அம்மாள் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். துணைக் காப்பாளர் போனை மார்புக்கு மேலே மட்டும் தெரியும்படி பிடித்தார். தலை கூரையில் இடித்தது.

"ஏன் இப்படிக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் தலைவர்.

"மரியாதைக்கு சார்."

தலைவருக்கு அது பிடித்துப்போனது. "இருநூறு பசங்க. எல்லாம் இளரத்தம். உங்களுக்குப் பயம்னு ஏதாவது உண்டா?"

"சுத்தமா இல்லை சார்."

"உர்ர்ர்..."

"என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீட்டுல மோட்டார் போட்டிருக்காங்க சார்."

பேராசிரியை முன்னால் சாய்ந்தார். "ஒரு பையன் உங்க எதிர்ல வந்து நிக்கறான். முறைக்கறான், சத்தம் போடறான், போக விட மாட்டேங்கறான். என்ன செய்வீங்க?"

ஏழு வருட அனுபவம் அவர் வாயில் தானாக வந்தது. "பதற மாட்டேன் மேடம். எதுக்காகச் சத்தம் போடறான்னு முதல்ல பார்ப்பேன். இப்படி வந்து நிக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும். சொல்லத் தெரியாம கத்துவாங்க. கிட்ட போய், என்னப்பா வேணும்னு கேட்டா போதும், அடங்கிடுவாங்க."

பேராசிரியை தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனாவைத் திறந்தார். "ஏழு வருஷத்துல இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லையே!" என்றார். துணைக் காப்பாளரின் நெஞ்சு பூரித்தது. கிடைத்துவிட்டது, காப்பாளர் பதவி கிடைத்தேவிட்டது என்று அவர் மனம் கூத்தாடியது.

அப்போது நாய் பின்னங்காலில் எழுந்து நின்று, பீரோக் கதவில் இரண்டு கையையும் வைத்துப் பிராண்டியது. பீரோ ஆடியது.

"ஐயோ அம்மா! கடிக்க வருது!"

போன் கையிலிருந்து நழுவி, மெத்தையில் விழுந்து, முகம் மேலே பார்க்கக் கிடந்தது. நாய் ஓடிப்போய் அதை முகர்ந்தது. திரையில் தெரிந்த மூன்று முகங்களையும் பார்த்து வாயை அகலத் திறந்து நீளமாக ஒரு "உர்ர்ர்" சொன்னது.

"யோவ், என்னய்யா இது?" என்று தலைவர் அலறினார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? துணைக் காப்பாளர் பீரோவின் உச்சியிலிருந்து உண்மையைக் கொட்டினார். "என்னை மன்னிச்சிடுங்க சார். தங்கச்சியோட நாய். எலும்பை வச்சுக்கிட்டு, காலையிலேருந்து என்னை நகர விடமாட்டேங்குது. நான் எங்க போனாலும் எலும்பைத் தள்ளிக்கிட்டே பின்னால வந்து உறுமுது சார்."

மறுமுனையில் தலைவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அதுவரை வாயே திறக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தட்டச்சுக்கார அம்மாள்தான் திரைக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் திறந்தே இருந்த நாயின் வாயை உற்றுப் பார்த்தார்.

"சார், அதுக்கு ஒரு பல்லுகூட இல்லை; இந்த எலும்பை அரைச்சுக் குடுங்கன்னு காலையிலேருந்து உங்களைக் கெஞ்சிட்டிருக்கு!"