சீசர் உட்கார்ந்த மேசை

சீசர் உட்காரவில்லை. வீரசிங்கம் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தானே சிமெந்துத் தரையில் உட்கார்ந்து காட்டினார். நாய் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது. பையில் கருவாடு இருந்தது.

வீரசிங்கம் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர். தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தை மேசைகளில் பரப்பி வைத்தால், பச்சை வாடை மெல்லப் போய் ஒரு பழ வாசனை எழும். அந்த நேரம் பார்த்து 'அடுப்புக்கு எடு' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம், வீடு, தோட்டத்தில் மரியாதை எல்லாம். மார்கழியில் பிடித்த சளி போனபோது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மலையிலிருந்து இறங்கும் பனி ஜன்னல் வழியே வந்து மேசைகளின் மேல் படுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அந்தப் பனிக்கே ஒரு வாசனை இருந்தது. இப்போது அவர் அதற்குள் நின்று கண்ணை மூடி, மனசுக்குள் கிடந்த பழைய வாசனைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பார். ஐயா பதம் பார்க்கிறார் என்று வேலையாட்கள் மூச்சு விடாமல் காத்திருப்பார்கள். கொழுந்தில் செம்பு நிறம் ஏறுவதைப் பார்த்து எப்படியோ ஒப்பேற்றினார். பனி அடர்ந்த நாளில் நிறமும் கைவிட்டது.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குத் தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். துரை அடிக்கடி வந்து, மேசைமேல் குனிந்து, நெடுநேரம் மூச்சை இழுத்துவிட்டு, "ம்... சரி" என்பார். அந்த 'ம்' வருவதற்குள் வீரசிங்கம் மனசுக்குள் பாதிப் பெட்டியைக் கட்டி முடித்திருப்பார்.

அதற்குத்தான் இந்த நாய். பதமான கொழுந்துக்குப் பக்கத்தில் சீசர் உட்கார்ந்தால் கருவாடு. திட்டம் அவ்வளவுதான்.

சீசருக்குத் திட்டத்தில் கருவாட்டுப் பாதி மட்டும் பிடித்திருந்தது. பையில் வைத்தால் பையை விட்டு நகரவில்லை. மேசைக்கடியில் கட்டினால் அங்கேயே படுத்துத் தூங்கியது. இரண்டு வாசனையும் ஒன்றென்று நினைக்கட்டும் என்று, வீட்டுத் தேயிலை டின்னுக்குள்ளேயே கருவாட்டைப் போட்டு வைத்தார். நாய் தூளைத் துப்பிவிட்டுக் கருவாட்டைத் தின்றது.

"தேத்தண்ணியில என்னங்க கருவாட்டு நாத்தம்?" என்றாள் மனைவி ரெங்கம்மா.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

அந்த மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

பனி கொட்டிய ஒரு காலையில் துரை வந்து நின்றார். நாயை ஒளிக்க நேரமில்லை.

"நாய் எதுக்கு, வீரசிங்கம்?"

கைவசம் பொய் எதுவும் இல்லாததால், "பதம் பாக்க, சேர்" என்றார்.

சீசர் முதல் மேசையைக் கடந்தது, அடுத்ததையும் கடந்தது. கடைக்கோடி மேசைக்குப் போய்ச் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. வீரசிங்கத்துக்குக் கண் கலங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால், கொழுந்து இன்னும் பச்சைப் பசேலென்று கிடந்தது.

துரை குனிந்தார். வழக்கத்தைவிட நீளமாக மூச்சை இழுத்தார். "அருமை. இதுதான் பதம். அடுப்புக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

கூட்டிப் பெருக்கும் கருப்பம்மா வந்து அந்த மேசைக்கடியிலிருந்து தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும்.

வீரசிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பச்சைக் கொழுந்தைப் பதம் என்று துரை சொன்னது தன்னை ஆழம் பார்க்கத்தான். தான் மறுத்துச் சொல்லாததில் குட்டு உடைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ரெங்கம்மாவிடம் சாமான்களைக் கட்டச் சொன்னார். பத்து வருஷம் வாழ்ந்த வீட்டின் சுவரிலிருந்து படங்களைத் தானே கழற்றினார்.

பொழுது சாயும் நேரத்தில், பங்களாவில் சமைக்கும் இராமையா வாசலில் வந்து நின்றான். கையில் நாய்ச் சங்கிலி. துரை சீசரைக் கேட்டனுப்பினாராம்.

"கூட்டிட்டுப் போ, இராமையா. என் மூக்கு செத்துப்போச்சு. துரை கண்டுபிடிச்சிட்டாரு, அதானே?"

இராமையா திரும்பி ரோட்டைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசுங்க ஐயா. துரை இந்தத் தோட்டத்துக்கு வரும்போதே மூக்கு செத்துத்தான் வந்தாரு. இம்புட்டு நாளும் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் 'சரி' சொன்னாரு. இனிமே நாய் மூஞ்சியப் பாத்துக்கிறேங்கிறாரு."