இரண்டாவது பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டாம்

குற்றாலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை தங்கத்தாய்க்கு, உன் அண்ணன் சிவனணைந்தபெருமாள் தன் சொந்தக் கையால் எழுதுவது.

முதலில் கையெழுத்தை மன்னித்துவிடு. வரி மேலே ஏறினால் மலை என்று நினைத்துக்கொள், கீழே இறங்கினால் அருவி என்று நினைத்துக்கொள். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகிறது. நீ ஐந்தாவது வரை படித்தவள், பிழையைத் திருத்திப் படித்துக்கொள், அதைச் சண்டைக்கு எடுக்காதே. சண்டைக்குத்தான் வேறு காரணம் இருக்கிறதே. இங்கே நானும் உன் மதினி உலகம்மையும் சுகம், என் சர்க்கரை மட்டும் முந்நூறு. இலத்தூரில் நீயும் உன் ஆடுகளும் சுகமாக இருக்கக் காசி விசுவநாதர் துணை நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உனக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. நேற்று மத்தியானமும் இன்று மத்தியானமும் உன் பக்கத்து வீட்டு ஜெஸிக்குப் போட்டேன். "ஆச்சி வீட்ல இல்ல தாத்தா" என்கிறாள். இந்தச் சாரலில் நீ எங்கே போகப் போகிறாய்? அப்படிச் சொல்லச் சொல்லி வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கட் பண்ண முடியாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எழுத்து பழகிய புதிதில் மருமகள் உமா மகேஸ்வரி, "நோட்டுல எழுதுனா நீங்க மட்டுந்தான் பாப்பிய மாமா, வெப்சைட்ல எழுதுனா ஊரே பாக்கும்" என்று எனக்கு ஒன்று ஆரம்பித்துக் கொடுத்தாள். 'எப்போ எந்திரிக்கலாம்' என்று பெயர் வைத்தது நான். என்னைப் போல சர்க்கரைக்காரன் சினிமாவுக்குப் போனால் நடுவில் இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, திரும்பி வருவதற்குள் கதாநாயகனின் அப்பா செத்துக் கிடக்கிறார், யார் கொன்றது என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் முறைக்கிறான், நாம் பட்ட கஷ்டம் பிறத்தியாருக்கு வேண்டாம் என்று, எந்தப் படத்தில் எந்தப் பாட்டுக்கு நிம்மதியாக எழுந்து போகலாம் என்று வெள்ளிக்கிழமைதோறும் தென்காசியில் படம் பார்த்து எழுதி வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு படம். அடியில் மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்றும் ஒரு வரி போடுவேன். அருவியில் தடை போட்ட நாளில் சீசனுக்கு வந்தவர்கள் எல்லாரும் தியேட்டருக்குத்தான் வருகிறார்கள், அவர்களும் பார்க்கிறார்கள். வெப்சைட்டின் விலாசம் இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதால் எனக்கு இன்னும் வாசிக்க வராது. மற்றதெல்லாம் வாசிப்பேன்.

உன் மதினிக்கு இது பிடிக்கவில்லை. சீயக்காய் வாங்க அனுப்பினால் படம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறேனாம். "ஊர்ல உள்ளவுகளுக்கு எப்ப ஒண்ணுக்கு வரணும்னு சொல்லுத உத்தியோகத்த ஒங்களுக்கு எவன் குடுத்தான்?" என்கிறாள். இந்தா, இதை எழுதும்போதுகூட எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பத்தாறு. திரும்பப் போய்ப் பார்த்தேன். முப்பத்தேழு. அது நீயாக இருக்குமோ என்று ஒரு எண்ணம்.

இப்படி இருக்கும்போதுதான் சுபாஷ் நடித்த படம் வந்தது. அவன் போலீஸ் செலக்‌ஷனை விட்டுவிட்டுச் சினிமாவில் வேசம் போடச் சென்னைக்கு ஓடிய நாலு வருசமாக, "நெசப் போலீசா ஆவச் சொன்னா பொய்ப் போலீசா ஆயிட்டான்" என்று நீ பெற்ற பிள்ளையோடு பேசாமல் இருந்தவள். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் பார்த்துவிட்டு நான்தான் உனக்குப் போன் போட்டு, "ஏட்டி, ஒம்மவன் பிரமாதமா நடிச்சிருக்கான், கோவத்த விட்டுட்டுப் போயிப் பாரு" என்று சொன்னேன். நீயும் மனசு இளகி, ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, சொந்தக்காரர் பதினான்கு பேரோடு தென்காசிக்குப் போனாய். போகிறவள் சும்மா போயிருக்கலாம். அண்ணன் எழுதியதாயிற்றே என்று மரியாதைக்கு என் வெப்சைட்டை வாசித்துவிட்டுப் போனாய். அதில் 'இரண்டாவது பாட்டுக்கு எந்திரிக்கலாம், ஒன்றும் இல்லை' என்று போட்டிருந்தேன். நீயும் அந்தப் பதினான்கு பேரும் வரிசையாக எழுந்து போனீர்கள். உங்களைப் பார்த்துப் பின்னால் இருந்த சீசன் கூட்டமும் எழுந்து போனதாகத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆதம் சொன்னார். படம் முழுவதிலும் சுபாஷ் வருவது அந்த ஒரு பாட்டில்தான் என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருசம் கழித்து அவனுக்குப் போட்ட முதல் போனில், "ஏலே, கண்ண மூடாமப் பாத்தேன், எங்கனயும் நீ இல்ல. இன்னும் எத்தன பொய்லே சொல்லுவ?" என்று கேட்டிருக்கிறாய். அவன் எனக்குப் போன் போட்டு, "ஆவணிக்கு ஊருக்கு வாரதா இருந்தேன் மாமா. இனிமே வரல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். முந்தின நாளே படம் பார்த்திருந்த ஜெஸி சொல்லித்தான் உனக்கு விசயம் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

தங்கத்தாய், நடந்தது நம்பர் மாறிப்போன தப்பு. மூன்றாவது பாட்டு என்று போட வேண்டியதை இரண்டாவது என்று போட்டுவிட்டேன். சுபாஷை நான் கண்ணாரப் பார்த்தேன், சத்தியம். ஒவ்வொரு பாட்டையும் தீர ஆராயாமல் நான் எழுதுவதே கிடையாது. வியாழக்கிழமையோடு படத்தை எடுக்கிறார்கள். அன்றைக்கு மத்தியான ஆட்டத்துக்கு நீ வர வேண்டும். நீ சுவரோரம் உட்கார், நான் வழியை அடைத்து உட்காருகிறேன், யாரும் எழுந்து போக முடியாது. பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. அப்புறம் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

உன் ஆடுகள் பெருகவும், உன் முழங்கால் வலி குறையவும், சுபாஷுக்கு அடுத்த படத்தில் இரண்டு பாட்டு நேரம் கிடைக்கவும் ஆசீர்வாதம். மதினி உன்னை விசாரித்தாள். சீயக்காய் இருந்தால் கொடுத்துவிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சிவனணைந்தபெருமாள்

பின்குறிப்பு, புதன்கிழமை: மேலே நம்பர் மாறியது என்று எழுதியது பொய். நான் சுபாஷைப் பார்க்கவே இல்லை. அந்தப் பாட்டுக்கு நானே எழுந்து போயிருந்தேன். திரும்பி வந்து பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஒரு போலீஸ்காரன் வந்துட்டுப் போறான்" என்றார். அதைத்தான் எழுதினேன். நாற்பத்தொரு படத்துக்கும் இப்படித்தான் எழுதினேன். எழுந்து போகலாம் என்று நான் போட்ட பாட்டு ஒன்றையும் நான் பார்த்தது கிடையாது.

உன்னோடு வியாழக்கிழமை உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இன்று மத்தியானம் தனியாகப் போனேன். ஆதம் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "உள்ள பாத்து இருங்க அண்ணாச்சி. இலத்தூர் ஆச்சி ஒருத்தி மூணு நாளா ஒத்தைல வந்து, ரெண்டாவது பாட்டுக்கு ஒருத்தரையும் எந்திரிக்க விட மாட்டேங்கா" என்றார். எனக்குப் புரியவில்லை. பாட்டு ஆரம்பித்தது. எனக்கு அடக்க முடியவில்லை, பாதி எழுந்துவிட்டேன். பின் வரிசையில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "ஏலே, உக்காருலே. எம்மவன் வருதான்."

உட்கார்ந்தேன். மழையில் குடை பிடித்து வந்தான் சுபாஷ். வண்டியை மறித்தான். "பாத்துப் போங்க" என்றான். அவ்வளவுதான். பின்னால் அந்தக் குரல், "நீ பாத்து இருலே" என்றது.

இதை நான் சுபாஷிடம் சொல்லவில்லை. நீயே சொல். அவன் போனை எடுப்பான், உன்னைப் போல இல்லை. ஜெஸியையும் நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. நாளைக்கு வா என்று மேலே எழுதியதற்கு இனி வேலையில்லை, ஆனாலும் இரண்டு நாள் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. 'உக்காருலே' என்றாயே, அது அண்ணன்தான் என்று தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? அதற்கு மட்டும் பதில் எழுது. உட்கார்ந்த பிறகு நான் பட்ட பாட்டை எழுதத் தாளில் இடம் இல்லை. அடுத்த வாரம் அதற்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.