அட்டவணையில் விடுபட்ட நான்கு நாள்

பொய் சொல்வதற்கும் ஒரு லாயக்கு வேண்டும். தேஷிக்குக்கு அது கிடையாது. இருபத்து மூன்று வருடம், மடிக்கும் கைப்பேசிக்குத் திரை செய்யும் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். அளந்ததை அளந்தபடி எழுதியே பழகிய கை. அப்படிப்பட்டவர் ஐம்பத்தோரு வயதில், கட்டிய மனைவியிடம், தினமும் காலையில் ஒரு பொய் சொல்ல ஆரம்பித்தால் விளங்குமா?

பொய் இதுதான்: "ஆபீஸ் போயிட்டு வரேன்."

ஆபீஸ் போன நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பதினெட்டுப் பேரை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, பார்லி டீ கொடுத்து, கை குலுக்கி, தலை வணங்கி அனுப்பிவிட்டார்கள். வணங்கியே கழுத்தை அறுப்பதில் எங்கள் தேஜோன் நகரத்துக் கம்பெனிகளை யாரும் மிஞ்ச முடியாது.

பதினெட்டுப் பேரில் ஒருவன் மா சாங்பே, தேஷிக்கின் நண்பன். அவன் அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மனைவி இரண்டு மணி நேரம் திட்டினாள். மூன்றாவது மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து கோழி பொரிக்கும் கடை வைப்பதென்று முடிவானது. மார்ச்சில் கடை திறந்தும் ஆயிற்று.

தேஷிக்கும் சொல்லத்தான் நினைத்தார். மனைவி உன்ஜு கதவைத் திறந்து, "சியோல்லேந்து சேவோன் பேசினா. அடுத்த வருஷமும் காலேஜ் ஹாஸ்டல்லயே இருக்காளாம். அப்பாகிட்ட கேட்டேன்னு சொல்லுன்னா" என்றாள். மகள் பெயரைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். திங்கட்கிழமை காலை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கம்பெனி கொடுத்தனுப்பிய தொகையிலிருந்து மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதி, சம்பளம் மாதிரியே மனைவி கணக்குக்குப் போட்டுவிடுவார்.

அன்றே ஒரு சபதமும் எடுத்தார். கையில் காப்புரிமைப் பத்திரத்தோடுதான் இனி மனைவி முகத்தில் முழிப்பது. முழிப்பது என்னவோ தினமும் அவள் முகத்தில்தான். இருந்தாலும் சபதம் சபதம்தானே.

மடிக்கும் திரைக்கு ஒரு தீராத வியாதி உண்டு. மடித்த இடத்தில் தடம் விழும். புத்தகத்தை வளைத்தால் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக் கொடுக்கின்றன, தடம் விழுவதில்லை. அதேபோலத் திரைக்குப் பின்னால் நழுவும் மெல்லிய தகடுகளை வைத்தால்? கம்பெனியில் நான்கு வருடம் சொல்லிப் பார்த்தார். தலை வணங்கிக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாங்பேக்குத் தெரிந்த பட்டறையில் ஒரு மாதிரித் திரை செய்து வாங்கிக்கொண்டார். இரண்டு லட்சம் தடவை மடித்துக் காட்ட வேண்டும். கம்பெனியில் அதற்கு இயந்திரம் உண்டு. தேஷிக்குக்கு இருந்தது இரண்டு கட்டைவிரல். காப்சோன் ஆற்றுப் பாலத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மடித்தார். நிமிடத்துக்குப் பத்து, ஒரு நாளைக்கு நாலாயிரம், மொத்தம் ஐம்பது நாள். பக்கத்தில் ஒரு வெப்பமானி, மடியில் ஒரு நோட்டு. தேதி, நேரம், குளிர், மடித்த எண்ணிக்கை, சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அட்டவணையாக எழுதினார். சொந்த வீட்டில் வாய் கூசாமல் பொய் சொன்ன மனுஷர், அந்த அட்டவணையில் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

கைவிரல் நீலம் பாரிக்க வீட்டுக்கு வந்து, "ஆபீஸ்ல ஹீட்டர் போட்டுக் கொல்றாங்க, வேர்த்துக் கொட்டுது" என்று வேறு சொல்லிவைத்தார்.

ஏப்ரலில் விண்ணப்பம் தயார். யார் பெயரில் போடுவது? அங்கேதான் சிக்கல். உன்ஜு, அதே தேஜோனில் உள்ள அரசுக் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். வருகிற விண்ணப்பத்தில் புதுமை இருக்கிறதா, பித்தலாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதே அவள் பிழைப்பு. சலவை இயந்திரப் பிரிவில் இருந்தாள். ஆனாலும் கணவன் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால் சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விடும்.

"உன் பேர்ல போட்டுடலாம்டா. அவளுக்கு உன்னைத் தெரியாதே" என்றார் சாங்பேயிடம்.

"என் பேர்லயா? நான் கோழி பொரிக்கிறவன்டா!"

"கோழி பொரிச்சா கண்டுபிடிக்கக் கூடாதா?"

"கேட்டா என்ன சொல்றது? கோழிக்கும் மடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"றெக்கை மடியலையா? ஏதாவது சொல்லேன்டா!"

கண்டுபிடித்தவர் மா சாங்பே, விண்ணப்பதாரர் மா சாங்பே, சோதனை செய்தவர் மா சாங்பே என்று போயிற்று. சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கூடுதல் கட்டணமும் கட்டியாயிற்று.

அக்டோபரில் பதில் வந்தது. நிராகரிப்புக் காரண அறிவிப்பு. சாங்பே எண்ணெய்க் கையோடு பாலத்தடிக்கு ஓடி வந்தான்.

"போச்சுடா! நிராகரிச்சுட்டாங்க!"

"இல்லடா. முதல்ல எல்லாருக்கும் இதுதான் வரும். கேள்வி கேப்பாங்க, பதில் சொன்னா சரியாயிடும்." தேஷிக் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் நிதானம் போய்விட்டது. அடியில் அச்சாகியிருந்தது: ஆய்வாளர், சோக் உன்ஜு.

அன்று சாப்பாட்டு மேஜையில் சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உனக்கு சலவை மெஷின் பிரிவுதானே?"

"ஜூலையிலயே திரைப் பிரிவுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னேனே. மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் 'ம்'னீங்க."

"ம்."

"நாலு."

"திரையெல்லாம் எப்படி, ரொம்பக் கஷ்டமா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ஒரு விண்ணப்பம் வந்தா..."

"வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம். நான் வாயத் தெறந்தா வேலை போயிடும்." முள்ளங்கித் துண்டை அவர் சோற்றின்மேல் வைத்தாள். "அது என்ன, கட்டைவிரல்ல தடிப்பு?"

"மவுஸ் அழுத்தி அழுத்தி."

"மவுஸ கட்டைவிரலாலயா அழுத்துவாங்க?"

"புது மாடல்."

உன்ஜு மேலே கேட்கவில்லை. கேட்காத மனைவியைப் பார்த்து நிம்மதி அடைகிறவனைப் போல முட்டாள் இந்த உலகத்தில் இல்லை. தேஷிக் நிம்மதி அடைந்தார்.

அறிவிப்பில் மூன்று கேள்விகள். முதல் இரண்டும் தகடுகளைப் பற்றி. அவற்றுக்குத் தேஷிக் எழுதிய பதில் கல்வெட்டு மாதிரி. மூன்றாவதுதான் வேடிக்கை. வார விடுமுறைகளும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் போக, அட்டவணையில் நான்கு நாள் விடுபட்டிருந்தன. டிசம்பர் 18, ஜனவரி 9, 10, 11. அந்த நாட்களில் சோதனை ஏன் நடக்கவில்லை? விண்ணப்பதாரர் மாதிரித் திரையோடு நேரில் வந்து விளக்கவும்.

டிசம்பர் 18, மாமனாரின் திதி. ஓக்சோனில் மச்சினன் வீட்டில் படையல் வைத்து விழுந்து கும்பிட்டார்கள். ஜனவரியில் அந்த மூன்று நாளும் தேஷிக் காய்ச்சலில் கிடந்தார். உன்ஜுதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

"கடையில சரக்கு வந்துச்சு, வேலை சரியா இருந்துச்சுன்னு சொல்லிடு" என்று சாங்பேக்குப் பாடம் படித்துக் கொடுத்தார். பாவம், அட்டவணையில் பொய் எழுதத் துணியாதவர், அட்டவணையைப் பற்றிப் பொய் சொல்லத் துணிந்தார். கெட்ட நேரம் வந்தால் மதி இப்படித்தான் வேலை செய்யும்.

நவம்பர் முதல் வாரம் சாங்பே போய்விட்டு வந்தான். கையில் ஒரு கோழிப் பெட்டி, திறக்காமல்.

"என்னடா ஆச்சு?"

"உன் பொண்டாட்டி நல்லவங்கடா. டீ கொடுத்தாங்க. திரைய மடிச்சுக் காட்டச் சொன்னாங்க. பத்து தடவ மடிச்சேன். கைய காட்டுங்கன்னாங்க."

"கையையா?"

"கட்டைவிரல தடவிப் பார்த்தாங்க. எண்ணெய் தெறிச்ச வடுதான் இருக்கு, மடிச்ச தடிப்பக் காணோமேன்னாங்க. மருந்து போட்டேன், போயிடுச்சுன்னேன்."

"சரி. அந்த நாலு நாளு?"

"நீ சொன்ன மாதிரியே சொன்னேன்டா. கடையில சரக்கு வந்துச்சுன்னு."

"நம்பினாளா?"

சாங்பே கோழிப் பெட்டியைப் பெஞ்சில் வைத்தான். "மரியாதைக்கு ஒரு பெட்டி கொண்டு போனேன். அரசாங்க வேலை, வாங்கக் கூடாதுன்னு திருப்பித் தள்ளிட்டாங்க. தள்ளும்போது மூடியப் படிச்சுட்டாங்கடா."

மூடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது: 'மா சாங்பே கோழிக்கடை. இந்த ஆண்டு மார்ச் 2 முதல் உங்கள் சேவையில்.'

போன டிசம்பரில் கடையே இல்லை. சரக்கு எங்கிருந்து வரும்?

"அவங்க ஒண்ணும் சொல்லலடா. சிரிக்கக்கூட இல்ல. 'உங்க நண்பர் யாராவது உதவி பண்ணாங்களா'ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லவே இல்ல, நான் தனிக்கட்டைன்னேன்."

மறுநாள் காலை செருப்பு வைக்கும் இடத்தில் தடித்த உள்சட்டையும் சுடுநீர்க் குடுவையும் இருந்தன.

"இது எதுக்கும்மா? ஆபீஸ்லதான் ஹீட்டர் கொதிக்குதே."

"ஹீட்டர் ரிப்பேர் ஆகலாம் இல்ல" என்றாள் உன்ஜு, முதுகைக் காட்டியபடி. தேஷிக் மாட்டிக்கொண்டு போனார். பாலத்தடியில் வெந்நீர் குடிக்கும்போது, இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. உண்மையாகவே அழுதார். மடிக்க ஒன்றும் இல்லாததால் வெறும் கையைப் பிசைந்துகொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் நாள். உன்ஜு விடுப்பு எடுத்திருந்தாள். குளியலறை வாசலில் நாற்பது முட்டைக்கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. இருபத்து மூன்று வருடமாகத் தேஷிக் இந்த நாளில் ஆபீஸைக் காட்டித் தப்பித்துவிடுவார். இந்த வருடமும் டையை இறுக்கினார்.

"முக்கியமான மீட்டிங். போயே ஆகணும்."

"போயிட்டு வாங்க."

ஷூவில் ஒரு கால் நுழைந்திருக்கும். போன் அடித்தது. சாங்பே. போனைக் காதில் வைக்கத் தேவையே இல்லாத குரல் அவனுக்கு.

"டேய், ரெண்டாவது கடிதாசி வந்துடுச்சு! படிக்கறேன் கேளு. ஒண்ணு, தகடுகளைப் பற்றிய பதில் போதுமானது. ரெண்டு, கண்டுபிடிச்சவர் நான் இல்லன்னு தெரியுதாம். ரெண்டு மாசத்துக்குள்ள உண்மையான ஆளோட பேரைப் போட்டுத் திருத்தலன்னா விண்ணப்பம் செத்துச்சாம். மூணு... டேய், மூணு படிக்கட்டுமா?"

"படி."

"'ஆய்வாளர் மாற்றப்பட்டுள்ளார். காரணம்: முன்னாள் ஆய்வாளர், உண்மையான கண்டுபிடிப்பாளரின் மனைவி எனத் தெரிவித்துத் தாமே விலகிக்கொண்டார்.'"

தேஷிக் ஒரு காலில் ஷூவோடு நின்றார். பன்னிரண்டு மாதம். அவர் திரையை மடித்தது இரண்டு லட்சம் தடவை. தன்னை மடித்துக்கொண்டதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றார் மெதுவாக.

"அந்த நாலு நாளப் பார்த்ததும் சந்தேகம். கோழி மூடியப் பார்த்ததும் நிச்சயம். கடைக்குப் போன் பண்ணி சாங்பே பொண்டாட்டிகிட்ட மிச்சத்தையும் கேட்டுக்கிட்டேன்." உன்ஜு கத்தியைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு வரியாப் படிச்சேன். ஜனவரி இருபத்து மூணு, மைனஸ் பதினொண்ணு டிகிரி, நாலாயிரம் தடவை, சாப்பாட்டு இடைவேளை பதினஞ்சு நிமிஷம். அன்னிக்குக் காலையில உங்க உள்சட்டைய நான்தான் எடுத்து அலமாரிக்குள்ள வெச்சுட்டேன். ஆபீஸ்ல வேர்க்குதுன்னீங்களே, பாவம்னு." அவள் குரல் உடைந்தது. "வேலை போனதுக்கு நான் என்ன பண்ணிடுவேன்? சாங்பே பொண்டாட்டி மாதிரி ரெண்டு மணி நேரம் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? அதுக்குப் பயந்தா ஒரு வருஷம் பாலத்தடியில உக்காந்தீங்க?"

தேஷிக் மாட்டிய ஷூவைக் கழற்றி வைத்தார். "அந்த விண்ணப்பம் தேறுமா?" என்றார்.

"அதப் பத்தி நான் இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சட்டம்."

"சரி. பேசாத."

"பேசல. கோஸப் பத்திதான் பேசறேன். கோட்டைக் கழட்டுங்க. நாற்பதும் ரெண்டா வெட்டி, இலை இலையா மடிச்சு உப்பு வெக்கணும்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லையே..."

"ரெண்டு லட்சம் தடவை மடிச்ச கைக்கு இது எம்மாத்திரம்?" ஒரு புது நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "எந்தக் கோஸ் எத்தனை மணிக்கு உப்புல போச்சுன்னு அட்டவணை போடுங்க. நாளையிலிருந்து வீட்டுல எந்த வேலை செஞ்சாலும் இதுலதான். வாயால எதுவும் சொல்ல வேண்டாம். அட்டவணையில மட்டும்தான் நீங்க பொய் எழுத மாட்டீங்க."

தேஷிக் குந்தி உட்கார்ந்தார். கோடு போட்டார். தேதி, நேரம் எழுதினார். 'செய்தவர்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

உன்ஜு எட்டிப் பார்த்தாள்.

"பேரு தெளிவா இல்ல. திருத்தி எழுதுங்க."